ஆன்லைன் ஏலத் தளங்கள்: பழைய நாணயம், தபால்தலை, கேமரா வாங்குவோரும் விற்போரும் கேட்கும் கேள்விகள்

ஏலம் என்றாலே நம் ஊரில் வங்கி நகை ஏலமும் வீட்டு ஏலமும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பக்கம் சேகரிப்பாளர்களுக்கானது. நாணயம், தபால்தலை, பிலிம் கேமரா, கைக்கடிகாரம் மாதிரியான பொருள்களை இணையத்தில் ஏலம் எடுக்கவோ விடவோ நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் இருக்கிறது. வங்கி ஏலம் பற்றி முடிவுக்குச் சற்று முன்பு ஒரு சிறு குறிப்பு உண்டு.

எந்தத் தளம் நல்லது? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ஒரே வரியில் சொல்ல முடியாது. ஆனால் மூன்றே மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். ஏலம் எப்படி முடிகிறது? பணம் யார் கையில் நிற்கிறது? பொருள் அசல்தான் என்று யார் சொல்கிறார்கள்? கமிஷன் எத்தனை சதவீதம் என்று அட்டவணை போட்டு ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றையும் கவனிப்பதில்லை. இரண்டு சதவீதக் கமிஷனை மிச்சம் பிடித்துவிட்டுப் போலி நாணயத்துக்கு முழு விலையும் கொடுத்தவர்கள் நிறையப் பேர்.

ஈபே இந்தியாவில் மூடப்பட்டுவிட்டதே, இன்னும் வாங்க முடியுமா?

முடியும். மூடப்பட்டது ஈபே என்ற அமெரிக்க ஏல நிறுவனத்தின் இந்தியத் தளம் மட்டும்தான். 2004இல் பாஸி டாட் காம் என்ற இந்திய ஏலத் தளத்தை ஈபே விலைக்கு வாங்கி ஈபே இந்தியா ஆக்கியது. 2017இல் அது பிளிப்கார்ட் கைக்குப் போனது. 2018 ஆகஸ்ட் 14 அன்று நிறுத்தப்பட்டது. அமெரிக்க, பிரிட்டன், ஜெர்மன் தளங்களில் இந்தியாவிலிருந்து கணக்கு தொடங்கி இன்றும் ஏலம் கேட்கலாம். இந்தியாவுக்கு அனுப்பச் சம்மதிக்கும் விற்பனையாளராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இங்கிருந்து வெளிநாட்டுக்கு விற்பவர்களும் அதில் இருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். திரையில் தெரியும் விலை உங்கள் வீட்டு விலை இல்லை. தபால் கட்டணம், சுங்க வரி, கூரியர் நிறுவனம் அதைக் கட்டித்தருவதற்கு வாங்கும் சேவைக் கட்டணம், அயல்நாட்டுப் பணத்துக்கு உங்கள் கார்டு வங்கி பிடிக்கும் தொகை எல்லாம் சேரும். 20 டாலர் தபால்தலைக்கு 25 டாலர் தபால் செலவு ஆவது சாதாரணம். ஒரே விற்பனையாளரிடம் நாலைந்து பொருள்களை எடுத்து ஒரே பார்சலில் வரவைப்பது பழைய கைகளின் வழக்கம்.

நான் 60 டாலர் என்று போட்டால் 60 டாலரும் போய்விடுமா?

போகாது. ஈபேயில் நீங்கள் போடுவது உங்கள் உச்ச வரம்பு. உங்கள் சார்பாகத் தளமே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கேட்கும். நீங்கள் 60 போட்டிருக்கிறீர்கள், உங்களுக்கு அடுத்தவர் 41 போட்டிருக்கிறார் என்றால் விலை 42இல் நிற்கும். 25 டாலருக்கும் 100 டாலருக்கும் இடையே ஒவ்வொரு படியும் 1 டாலர், 100ஐத் தாண்டினால் 2.50 டாலர் என்று படிக்கட்டு வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஆளின் விலையை ஒட்டியே வெற்றி பெற்றவர் பணம் கட்டும் இந்த முறையைப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1961லேயே அலசி எழுதியிருக்கிறார். 1996இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் கணக்குப்படி, பொருள் உங்களுக்கு உண்மையில் எவ்வளவு மதிப்போ அதை அப்படியே போட்டுவிட்டுத் தூங்கப் போவதுதான் புத்திசாலித்தனம். நடைமுறையில் யாரும் தூங்கப் போவதில்லை. அதற்கான காரணம் அடுத்த கேள்வியில்.

கடைசி நொடியில் ஏலம் கேட்பது சரியா? எல்லாத் தளத்திலும் அது வேலை செய்யுமா?

தளத்துக்குத் தளம் பெரிய வித்தியாசம் இருப்பது இங்கேதான்.

ஈபே ஏலம் கடிகாரத்தைப் பார்த்து முடியும். 7 நாள் ஏலம் என்றால் குறித்த நொடியில் கதவு சாத்தப்படும். கடைசி 5 நொடியில் நீங்கள் கேட்டால் மற்றவருக்குப் பதில் சொல்ல நேரம் இருக்காது. இதை ஸ்னைப்பிங் என்கிறார்கள். இதற்கென்றே தானாக ஏலம் கேட்கும் மென்பொருள்கள் உண்டு. ஈபே இதைத் தடை செய்யவில்லை.

நம் ஊர்ச் சந்தை ஏலத்தில் இப்படிச் செய்ய முடியுமா? "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று இழுத்து, வேறு யாரும் கேட்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் "மூணு தரம்" வரும். இடையில் ஒருவர் கை தூக்கினால் மறுபடி ஒரு தரத்திலிருந்து ஆரம்பம். கேட்டவிக்கி என்ற நெதர்லாந்து ஏலத் தளம் இப்படித்தான். கடைசி நேரத்தில் ஒருவர் கேட்டால் ஏலம் கொஞ்சம் நீளும், மீண்டும் கேட்டால் மீண்டும் நீளும். யாஹூ ஜப்பான் ஏலத்தில் கடைசி 5 நிமிடத்துக்குள் கேட்டால் மேலும் 5 நிமிடம் சேரும். ஆனால் அந்த வசதியை விற்பவர் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் அங்கும் ஈபே மாதிரிக் கடிகார முடிவுதான். ஆகவே பக்கத்தின் விவரப் பட்டியலில் அதைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆல்வின் ராத், ஆக்செல் ஓக்கன்ஃபெல்ஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2002இல் வெளியிட்டார்கள். அப்போது அமேசானும் ஏலம் நடத்திக்கொண்டிருந்தது. அங்கே 10 நிமிடம் யாருமே கேட்காமல் இருந்தால்தான் ஏலம் முடியும். பொருள்கள் ஒரே மாதிரிதான், ஆனாலும் ஈபேயில் கடைசி நேரக் கூட்டம் அலைமோதியது, அமேசானில் அப்படி இல்லை. இன்னொன்றும் தெரிந்தது. ஈபேயில் அனுபவம் கூடக் கூட ஆட்கள் இன்னும் தாமதமாகக் கேட்டார்கள். அமேசானில் அனுபவசாலிகள் சீக்கிரமே கேட்டு முடித்தார்கள். விதி மாறினால் மனிதர்களும் மாறிவிடுகிறார்கள்.

வாங்குபவர் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கடிகார முடிவு உள்ள தளத்தில் ஆரம்பத்திலேயே கேட்டு உங்கள் ஆசையைக் காட்டிக்கொடுக்காதீர்கள். நீளும் முடிவு உள்ள தளத்தில் காத்திருந்து பயனில்லை. அங்கே ஆபத்து வேறு. "இன்னும் ஒரு படிதானே" என்று ஏறி ஏறி வரம்பைத் தாண்டிவிடுவோம். வரம்பை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது கைகொடுக்கும்.

நேரக் கணக்கும் உண்டு. அமெரிக்க விற்பனையாளர்கள் ஞாயிறு மாலையில் ஏலம் முடியும்படி வைப்பதை விரும்புவார்கள். கலிபோர்னியாவில் கோடைகாலத்தில் ஞாயிறு இரவு 7 மணி என்றால் நமக்குத் திங்கள் காலை 7.30. காபி குடித்துக்கொண்டே ஸ்னைப் செய்யலாம்.

கேட்டவிக்கியும் ஈபேயும் எதில் வேறுபடுகின்றன?

ஈபே சந்தைத் திடல். யார் வேண்டுமானாலும் கடை விரிக்கலாம். கேட்டவிக்கி 2008இல் தொடங்கிய நெதர்லாந்து நிறுவனம். விற்பனையாளர் அனுப்பும் படங்களையும் விவரங்களையும் அந்தந்தத் துறை அறிந்த அவர்களின் நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பொருள் ஏலத்துக்கு வரும். குப்பை குறைவாக இருப்பது உண்மை. ஆனால் நிபுணர் பார்ப்பது பெரும்பாலும் படத்தைத்தான், பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பதில்லை. அசல்தான் என்பதற்கு அதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, வாங்குபவர் கட்டிய தொகை பொருள் வந்துசேரும்வரை தளத்தின் பொறுப்பில் நிற்கும். இது வாங்குபவருக்கு நிம்மதி. அதற்கு விலையும் உண்டு. கேட்ட தொகைக்கு மேல் சுமார் 9 சதவீதம் பாதுகாப்புக் கட்டணம் என்று வாங்குபவர் தலையிலும் விழும்.

தபால்தலை, பட அஞ்சலட்டை மட்டும் தேடுபவர்கள் பெல்ஜியத்தின் டெல்காம்ப் தளத்தையும் பார்க்கலாம். மற்ற பெருந்தளங்களில் கிடைக்காத சில்லறைச் சரக்கு அங்கே குவிந்து கிடக்கும்.

பழைய கேமராவுக்கு ஏன் எல்லோரும் ஜப்பானைக் காட்டுகிறார்கள்?

சரக்கு அங்கேதான் இருக்கிறது. நிக்கான், கேனான், பென்டாக்ஸ், ஒலிம்பஸ் எல்லாம் உள்ளூர்க்காரர்கள். ஈபே 2002இல் ஜப்பானை விட்டு வெளியேறிவிட்டது. அதற்கு முன்பே யாஹூ ஏலம் அங்கே வேரூன்றிவிட்டது. வெளிநாட்டவர் நேரடியாக ஏலம் கேட்பது கடினம் என்பதால் பையீ, ஜென்மார்க்கெட் மாதிரி இடைத்தரகுச் சேவைகள் வழியாகத்தான் கேட்பார்கள். தரகுக் கட்டணம், ஜப்பானுக்குள் தபால், அங்கிருந்து இந்தியாவுக்குத் தபால், இங்கே சுங்கம் என்று நான்கு அடுக்குச் செலவு.

இன்னொரு வழி, அதே சரக்கை எடுத்து ஈபேயில் நிலையான விலைக்கு விற்கும் ஜப்பானிய வியாபாரிகளிடம் வாங்குவது. விலை கூடும், தலைவலி குறையும்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியது: யாஹூ ஏலத்தில் "ஜங்க்" என்று போட்டிருந்தால் வேலை செய்யுமா செய்யாதா என்று சோதிக்கவில்லை, திரும்ப எடுக்கவும் மாட்டோம் என்று அர்த்தம். சில நேரம் அதில் நல்ல கேமரா மாட்டும். பல நேரம் லென்ஸுக்குள் பூஞ்சை மாட்டும். ஈபேயில் ஜப்பானிய வியாபாரிகள் "நியர் மின்ட்" (கிட்டத்தட்டப் புதிது) என்று தலைப்பில் போட்டுவிட்டு, விவரத்தின் நடுவில் "மெல்லிய பூஞ்சை உண்டு, படத்தைப் பாதிக்காது" என்று எழுதியிருப்பார்கள். தலைப்பை விட்டுவிட்டு அந்த வரியைத் தேடுங்கள். சென்னை ஈரக்காற்றில் மெல்லிய பூஞ்சை ரொம்ப நாள் மெல்லியதாகவே இருக்காது.

இந்திய நாணயங்களுக்கு உள்நாட்டு ஏல நிறுவனங்கள் பரவாயில்லையா?

என் கருத்தில் முதலில் போக வேண்டிய இடமே அதுதான். மும்பையில் டோடிவாலா, ஓஸ்வால், பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ், அகமதாபாத்தில் கிளாசிக்கல் நியூமிஸ்மேடிக் கேலரி போன்றவை அச்சுப் பட்டியலும் இணைய ஏலமும் சேர்த்து நடத்துகின்றன. பொருள் ஏலத்துக்கு முன்பே நிறுவனத்தின் கைக்கு வந்துவிடுகிறது. எடை, விட்டம், எந்த அக்கசாலையில் அடித்தது என்ற விவரங்களோடு பட்டியலிடுகிறார்கள். ஏலத்துக்கு முன் நேரில் போய்ப் பார்க்கவும் நாள் ஒதுக்குவார்கள்.

கேட்ட விலையோடு கணக்கு முடிந்துவிடாது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். வாங்குபவர் கமிஷன் என்று ஒன்று உண்டு. உதாரணத்துக்கு ஒரு நாணயம் 10,000 ரூபாய்க்கு முடிந்தது, கமிஷன் 15 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 1,500 ரூபாய். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 270 ரூபாய். ஆக 11,770. பொருளுக்கான வரியும் தபால், இன்சூரன்ஸ் செலவும் இதற்கு மேல். கமிஷன் விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பட்டியலின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் விதிமுறைகளில் போட்டிருப்பார்கள்.

விற்பவருக்கு எங்கே கமிஷன் குறைவு?

ஈபே அமெரிக்கத் தளத்தில் பெரும்பாலான வகைகளுக்கு 13 சதவீதத்தை ஒட்டி வரும். அது பொருளின் விலைக்கு மட்டுமில்லை, தபால் செலவையும் வரியையும் சேர்த்த மொத்தத் தொகைக்கு. ஜெர்மனியில் 2023 மார்ச் முதலும் பிரிட்டனில் 2024 அக்டோபர் முதலும் அந்நாட்டுத் தனிநபர் விற்பனையாளர்களுக்குக் கமிஷனை எடுத்துவிட்டார்கள். பிரிட்டனில் அதற்குப் பதிலாக வாங்குபவரிடம் கட்டணம் வாங்குகிறார்கள். லண்டனிலோ பெர்லினிலோ இருக்கும் நம்மவர்களுக்கு இது நல்ல செய்தி. கேட்டவிக்கி 12.5 சதவீதம் பிடிக்கிறது. இந்திய ஏல நிறுவனங்களில் பேசி முடிவு செய்யலாம். நல்ல சேகரிப்பை மொத்தமாகக் கொடுத்தால் இறங்கிவருவார்கள்.

என்னிடம் டிராக்டர் படம் போட்ட 5 ரூபாய் நோட்டு இருக்கிறது. லட்சக்கணக்கில் போகும் என்கிறார்களே?

போகாது. வைஷ்ணோதேவி நாணயமும் போகாது, 786 என்று முடியும் நோட்டும் போகாது. யாரோ ஒருவர் விளம்பரத் தளத்தில் 10 லட்சம் என்று விலை போட்டிருப்பார். விலை போடக் காசா பணமா? அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பதுதான் கேள்வி. ஈபேயில் தேடும்போது "விற்று முடிந்தவை" என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். உண்மை நிலவரம் அங்கே தெரியும்.

இதில் ஏமாற்றும் ஆசாமிகள் வாங்குபவர் வேடத்தில்தான் வருவார்கள். "உங்கள் நோட்டை 5 லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் 2,500 மட்டும் முதலில் கட்டுங்கள்" என்பார்கள். அடுத்து வரி, அதற்கடுத்து ஜிஎஸ்டி என்று கறந்துகொண்டே போவார்கள். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டு எச்சரித்தது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விற்கும் விவகாரத்தில் தாங்கள் ஈடுபடுவதில்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை, யாரையும் தங்கள் சார்பில் வசூலிக்க நியமிக்கவும் இல்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்பவர் முன்பணம் கட்டும் ஏலம் எதுவாக இருந்தாலும் போனை வைத்துவிடுங்கள்.

1818 என்று போட்ட ராமர் பட்டாபிஷேக நாணயம்? கிழக்கிந்தியக் கம்பெனி வெளியிட்டதாமே?

கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை அடித்ததே இல்லை. கோயில் வாசல்களில் விற்கக் கற்பனையாகச் செய்த வில்லைகள். வேறு தெய்வ உருவங்களோடும் வரும்.

தாத்தா சேர்த்துவைத்த பழங்காசுகளை வெளிநாட்டு ஏலத்தில் விற்கலாமா?

100 ஆண்டைத் தாண்டியவை என்றால் கூடாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 100 ஆண்டுக்குக் குறையாத நாணயங்களையும் தொல்பொருள் என்றே வகைப்படுத்துகிறது. மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கு 75 ஆண்டே போதும். தனிநபர் இவற்றை ஏற்றுமதி செய்ய முடியாது. மீறினால் 6 மாதத்துக்குக் குறையாமல் 3 ஆண்டுவரை சிறை. ராஜராஜன் செப்புக்காசு சந்தையில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது, விலையும் சொற்பம். அதனால் கண்டுகொள்ள மாட்டார்கள் என்று கவரில் போட்டு அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். சட்டம் விலையைப் பார்ப்பதில்லை, வயதைத்தான் பார்க்கிறது.

உள்நாட்டு ஏல நிறுவனம் மூலம் இந்தியாவுக்குள் விற்பதே சரியான வழி. தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். கிணறு வெட்டும்போது கிடைத்த காசு என்றால் கதையே வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி 10 ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

விற்பவரே ஆள் வைத்து விலையை ஏற்றுவாரா?

ஏற்றுவார்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் ஈபேயில் ஒரு ஓவியம் 1,35,805 டாலர்வரை போனது. ரிச்சர்ட் டீபன்கார்ன் என்ற அமெரிக்க ஓவியர் வரைந்ததுபோல் கையொப்பம் இருந்தது. கடைசியில் விற்பவரும் கூட்டாளிகளும் மாற்றுப் பெயர்களில் ஒருவர் பொருளை ஒருவர் ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தது வெளிப்பட்டு வழக்கானது.

இப்போது தளங்கள் இதைக் கண்டுபிடிக்க மென்பொருள் வைத்திருக்கின்றன. நீங்களும் பார்க்கலாம். ஈபேயில் ஏல வரலாற்றைத் திறந்தால் ஒவ்வொருவரும் இதே விற்பனையாளரிடம் எத்தனை சதவீதம் ஏலம் கேட்டிருக்கிறார் என்று காட்டும். ஒருவர் தன் ஏலங்கள் அனைத்தையும் ஒரே கடையில் கேட்டிருக்கிறார், ஆனால் எப்போதும் கடைசிக்கு முன்பே விலகிவிடுகிறார் என்றால் நாம் வேறு கடை பார்க்கலாம்.

விற்பனையாளரின் மதிப்பெண்ணை நம்பலாமா?

ஓரளவுக்கு. 2006இல் வெளியான ஆய்வொன்றில் அனுபவமுள்ள ஒரு விற்பனையாளர் தன் பழைய அஞ்சலட்டைகளைத் தன் பழைய பெயரிலும் புதுப் பெயர்களிலும் ஈபேயில் விற்றுப் பார்த்தார். பழைய பெயருக்கு 8.1 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. ஆக, நற்பெயருக்குக் காசு உண்டு. 2008 முதல் வாங்குபவருக்கு விற்பவர் மோசமான மதிப்பு தர முடியாது. பழிவாங்கல் பயமின்றி வாங்குபவர்கள் எழுத ஆரம்பித்தார்கள்.

சதவீதத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் மோசமான விமர்சனங்களைப் படியுங்கள். "தாமதமாக வந்தது" என்பது பெரிய விஷயமில்லை. "மறு அச்சு", "தேய்த்துப் பளபளப்பாக்கியது" என்ற சொற்கள் இரண்டு முறை வந்தால் விலகிவிடுங்கள். பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற நாணயத் தரச்சான்று நிறுவனங்களின் பெட்டிக்குள் அடைத்த நாணயமாக இருந்தாலும் சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனங்களின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படமும் இதுவும் ஒன்றா என்று பாருங்கள். பெட்டியே போலியாக வருகிறது. 1948இல் வெளியான காந்தி 10 ரூபாய் தபால்தலை என்றால் சான்றிதழ் இல்லாமல் தொடவே வேண்டாம். அவ்வளவு போலி உலவுகிறது. சந்தேகம் வந்தால் சென்னையில் மெட்ராஸ் காயின் சொசைட்டி, தென்னிந்தியத் தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கம் போன்ற இடங்களில் கையில் வாங்கிப் பார்த்துச் சொல்லும் மூத்தவர்கள் இருக்கிறார்கள்.

பொருள் வேறாக வந்தால்?

ஈபேயில் பொருள் வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் "விவரித்தபடி இல்லை" என்று புகார் செய்தால் பணம் திரும்ப வாய்ப்புண்டு. பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டு தெரியத் தொடங்கி, வெட்டாமல் ஒரே காட்சியாக வீடியோ எடுத்துவிடுங்கள். பேச்சுவார்த்தை முழுவதும் தளத்தின் செய்திப்பெட்டிக்குள்ளேயே நடக்கட்டும். "வாட்ஸப்பில் வாங்க, கமிஷன் மிச்சம்" என்று அழைப்பவரிடம் போனால் பாதுகாப்பும் அதோடு போய்விடும்.

நான் விற்கப் போகிறேன். விலை நன்றாக வர என்ன செய்யலாம்?

முதலில், தேய்க்காதீர்கள். புளி போட்டோ எலுமிச்சை போட்டோ விளக்கிய செப்புக்காசு குத்துவிளக்கு மாதிரி மின்னும், ஆனால் சேகரிப்பாளர் கண்ணில் பாதி விலையாகிவிடும். அந்தக் கருமையும் பச்சையும்தான் வயதுக்குச் சாட்சி.

படம் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு மூன்றும் வேண்டும். விளிம்பு இல்லாத படத்தைப் பார்த்தால் வார்ப்புப் போலியோ என்ற சந்தேகம் வரும். நகைக்கடைத் தராசில் எடை பார்த்துக் கிராமில், இரண்டு தசமப் புள்ளிவரை எழுதுங்கள். குறை இருந்தால் முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

ஆரம்ப விலை பற்றி எப்போதும் வாக்குவாதம்தான். ஒரு டாலரில் தொடங்கினால் கூட்டம் சேரும் என்பார்கள். பலர் தேடும் பொருளுக்கு அது சரி. நாடெங்கும் நான்கே பேர் தேடும் பொருளை ஒரு டாலரில் விட்டால் அந்த நால்வரில் மூவர் அன்று ஊரில் இல்லாமல் போவார்கள். அப்படிப்பட்டதற்கு மனம் ஒப்பும் தொகையில் தொடங்குவதுதான் சரி. வெளியே தெரியாத அடிவிலை வைக்கும் வசதியும் உண்டு. வாங்குபவர்களுக்கு அது எரிச்சல், ஈபேயில் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

வங்கி ஏலத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி நடக்கும் வீடு, மனை ஏலத்தில் முன்வைப்புத் தொகை கட்டினால்தான் கேட்கவே முடியும். வென்றவர் உடனடியாக, அதிகபட்சம் அடுத்த வேலை நாளுக்குள் 25 சதவீதம் கட்ட வேண்டும். மீதிக்குப் பொதுவாக 15 நாள். சொத்து "உள்ளது உள்ளபடி" தரப்படும். குடியிருப்பவரைக் காலி செய்யவைக்கும் வேலை வாங்குபவர் தலையில் விழலாம். வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

ஏலத்தில் ஜெயித்துவிட்டேன், இப்போது வேண்டாம் என்று தோன்றுகிறது. விட்டுவிடலாமா?

ஈபேயில் பணம் கட்டாதவர் என்று கணக்கில் குறி விழும். சில விற்பனையாளர்கள் அப்படிப்பட்டவர்களை ஏலத்திலேயே சேர்க்காதபடி அமைத்திருப்பார்கள். இந்திய ஏல நிறுவனங்களில் அடுத்த முறை பதிவே கிடைக்காமல் போகலாம். சிறிய வட்டம் என்பதால் பெயர் பரவவும் செய்யும்.

அப்படி ஒருவர் பின்வாங்கினால் அடுத்ததாகக் கேட்டவருக்கு விற்பவர் "இரண்டாம் வாய்ப்பு" அனுப்பலாம். நீங்கள் அந்த இரண்டாவது ஆளாக இருந்து, தோற்ற ஏலம் பற்றித் திடீரென்று மின்னஞ்சல் வந்தால், அதிலிருக்கும் இணைப்பைத் தொடாமல் நேரடியாகத் தளத்துக்குள் நுழைந்து உங்கள் செய்திப்பெட்டியைப் பாருங்கள். அங்கே அந்தச் செய்தி இல்லையென்றால் மின்னஞ்சல் போலி.